வண்டியில் ஏறிய ஒலி



சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு மாலை, தாம்பரத்தில் என் வீட்டு வாயிலில் ஒரு சிறு சரக்கு லாரி வந்து நின்றது. ஓட்டி வந்தவன் என் பழைய மாணவன். "ஐயா, பாட்டில் முரசு அதிரும்போதெல்லாம் முகப்பு விளக்கு மங்குகிறது. அது ஏன்?" என்று கேட்டான். வகுப்பில் ஒரு நாளேனும் வினா எழுப்பியவன் அல்லன் அவன்!

வண்டியோடு வந்த பாட்டுப் பெட்டி அவனுக்குப் போதவில்லை. ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக்குச் சென்று, சப்வூஃபர் எனப்படும் தாழ்சுர ஒலிபெருக்கியையும் அதற்குரிய ஆம்பிளிஃபயரையும் வாங்கி, தெருவோரத் தொழிலாளி ஒருவரைக் கொண்டு பொருத்தியிருந்தான். ஆம்பிளிஃபயரின் மேல் 500 வாட் என்று அச்சிட்டிருந்தது.

அந்த எண்ணைக் கண்டதும் எனக்கு 40 என்னும் வேறோர் எண் நினைவுக்கு வந்தது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924 மே 16ஆம் நாள் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. அரசாங்கம் செய்யுமென்று காத்திராமல், ஆர்வலர் சிலர் கூடிச் செய்த செயல் அது. அவ்வாண்டு ஜூலை 31இல் ஒலிபரப்புத் தொடங்கியபோது அவர்களுடைய கருவியின் ஆற்றல் 40 வாட். பின்னர் 200 வாட். அலைபரப்பும் வாட்டும் ஒலிபெருக்கியின் வாட்டும் ஒரே வேலையைச் செய்வன அல்ல என்பதை நான் அறிவேன். ஆயினும், நகரத்துக்கே பாட்டு வழங்கிய கருவியைவிட ஒரு லாரியின் இருக்கைக்கடியில் கிடக்கும் பெட்டி பெரிய எண்ணைத் தாங்கி நிற்பது வியப்பன்றோ?

பொருள் முட்டுப்பாட்டால் 1927இல் கழகம் ஓய்ந்தது. கருவி சென்னை மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பியது. வானொலிப் பெட்டி வாங்க இயலாத மக்களுக்காக மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் அமைத்தனர். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. என் தந்தையார் பத்து வயதுச் சிறுவனாக அந்த ரயிலேறிச் சென்று, மெரினா மணலில் அமர்ந்து, பாடுபவர் எங்கே ஒளிந்திருக்கிறார் என்று தேடினாராம். 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்ததும் மாநகராட்சியின் பணி நிறைவுற்றது.

ஒலி வண்டியில் ஏறிய கதை வேறு. அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925இல் இன்றைய ஒலிபெருக்கிக்கு மூலமான அமைப்பை வெளியிட்டனர்: காந்தத்திடையே ஒரு கம்பிச் சுருள், அதனோடு அசையும் ஒரு காகிதக் கூம்பு. 1930இல் பால் கால்வினின் நிறுவனம் மோட்டோரோலா என்ற பெயரில் கார் வானொலி விற்கத் தொடங்கிற்று. அன்றும் அது காரோடு வந்ததன்று, பின்னர் பொருத்தியதே. அங்கேதான் சிக்கல் பிறந்தது. காரின் மின்கலம் தருவதோ பெரும்பாலும் 6 வோல்ட். வானொலியின் வால்வுகள் கேட்பதோ 200 வோல்ட் அளவில். ஆகவே ‘வைப்ரேட்டர்’ என்னும் சிறு கருவியைச் சேர்த்தனர். அதிலுள்ள மெல்லிய தகடு மின்னோட்டத்தைக் கணந்தோறும் பலமுறை வெட்டிவிடும். வெட்டுண்ட மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மர் உயர்த்தித் தரும்.

அத்தகடு வண்டு போல் முரலும் ஓசையை நான் காலடியில் கேட்டிருக்கிறேன். 1974இல், பள்ளிச் சிறுவனாகிய நான், ஒரு கொட்டகையின் சினிமா விளம்பர வண்டியில் அமர்ந்து ஒலிவாங்கியில் அறிவிக்கும் பேறு பெற்றேன். கூரைமேல் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள். உள்ளே பழைய வால்வு ஆம்பிளிஃபயர். என் குரல் தெளிவாகக் கேட்க வேண்டுமென்று தெருவுக்குத் தெரு எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். எஞ்சின் நின்றால் டைனமோவும் நிற்கும், மின்கலம் தன் கைப்பொருளையே செலவழிக்கும் என்பதை அன்று யார் எனக்குச் சொன்னார்கள்? சேலையூரில் மாலையில் வண்டி கிளம்பவே இல்லை. தாம்பரம்வரை தள்ளிக்கொண்டு வந்தோம். இரவுக் காட்சிக்குரிய அறிவிப்பு நின்றுபோனதால் ஓட்டுநரின் கூலியில் பிடித்தம் செய்தார்கள். அவர் என்னிடம் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அதுவே இன்றுவரை என்னை உறுத்துகிறது.

மாணவனின் வினாவுக்கு வருவோம். 12 வோல்ட்டை அப்படியே பயன்படுத்தும் பாட்டுப் பெட்டி ஓர் ஒலிபெருக்கிக்கு ஏறத்தாழ 20 வாட்டே தர இயலும். பேச்சுக்கும் குழலுக்கும் அது போதும். தாழ்சுரத்துக்குப் போதாது. ஓசையின் அளவு குறையாமல் அதிர்வெண்ணை 80இலிருந்து 40ஆகத் தாழ்த்தினால், கூம்பு முன்னிலும் நான்கு மடங்கு தொலைவு அசைய வேண்டும். மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப் பசை அப்பிச் சுருதியைத் தாழ்த்துவதைப் பார்த்திருப்பீர்கள். சப்வூஃபரின் கனத்த கூம்பும் அவ்வினத்ததே. அதை அசைக்கப் புதிய ஆம்பிளிஃபயர் மின்னழுத்தத்தை உயர்த்திக்கொள்கிறது. வைப்ரேட்டர் செய்த அதே வேலையை டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல்லாயிரம் முறை ஓசையின்றிச் செய்கின்றன. 500 வாட் உண்மையாயின், இழப்பையும் சேர்த்து மின்கலத்திலிருந்து 50 ஆம்பியர் அளவில் இழுக்கும். இரு முகப்பு விளக்குகளுக்கு 10 ஆம்பியர் போதும்!

வண்டியைத் திறந்து பார்த்தேன். விளக்குக்குச் செல்லும் மெல்லிய கம்பியிலேயே ஆம்பிளிஃபயரையும் முடிந்திருந்தார்கள். ஃப்யூஸ் இல்லை. கம்பியின் உறை இளகியிருந்தது.

"தம்பி, இரவில் எவ்வழி செல்கிறாய்?" என்றேன்.

"ஜி.எஸ்.டி. சாலை, ஐயா. செங்கற்பட்டுக்கு, தினந்தோறும்."

மறுநாள் மின்கலத்திலிருந்து நேராகத் தடித்த கம்பியொன்றை இழுத்து, மின்கலத்தை ஒட்டியே ஃப்யூஸ் வைத்து, வண்டியின் உடற்பகுதியில் வண்ணத்தைச் சுரண்டி எர்த் கம்பியையும் இறுக்கினார்கள். தொழிலாளியின் அருகில் நான் நின்றிருந்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஓசை அளவைப் பாதிக்குக் கீழே வைக்குமாறு மாணவனிடம் சொன்னேன். அவனுக்கும் அது பிடிக்கவில்லை.

இருட்டியபின் எஞ்சினை ஓடவிட்டுப் பாட்டை வைத்தான். காதுக்கு எட்டுமுன் இருக்கையின் வழியே முரசு என் முதுகில் பட்டது. எதிர்ச்சுவரில் விழுந்த விளக்கொளி அசையவில்லை. வண்டி பெருங்களத்தூர்ப் பக்கம் திரும்பும்வரை அவ்விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்.