'டு'வுக்கும் வினைக்கும் நடுவே

தமிழில் 'போக' ஒரே சொல். அதைப் பிளந்து உள்ளே 'மெல்ல' என்று செருக யாராலும் முடியாது. ஆங்கிலத்தில் 'டு கோ' இரண்டு சொல். நடுவே இடம் இருக்கிறது. இடம் கண்டால் வினையடை வந்து உட்காரத்தானே செய்யும்? அதற்கு 'ஸ்பிளிட் இன்ஃபினிட்டிவ்' என்று பெயர் சூட்டிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள்.

வழக்கம் பழையது, தடைதான் புதியது. 14ஆம் நூற்றாண்டிலேயே சமய அறிஞர் ஜான் விக்ளிஃப் இப்படி எழுதியிருக்கிறார். இடையில் அருகிப்போன வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மறுபடி தழைத்தது; கண்டனமும் பின்னாலேயே வந்தது. 1834இல் ஓர் அமெரிக்க இதழில் 'பி' என்று மட்டும் கையெழுத்திட்ட ஒருவர் இதைக் கூடாது என்றார். 1864இல் கான்டர்பரி பேராலயத்தின் டீன் ஹென்றி ஆல்ஃபோர்டு, ஆங்கிலம் பேசுவோரும் எழுதுவோரும் அறியாத வழக்கம் இது என்று அடித்துச் சொன்னார். விக்ளிஃப் எழுதியதும் ஆங்கிலம்தான்! லத்தீனில் 'டு கோ' போன்றது ஒரே சொல், அதனால் வந்த விதி என்று பலர் விளக்குவதுண்டு. ஆல்ஃபோர்டு காட்டிய காரணம் அதுவன்று.

ஆல்ஃபோர்டு கண்டித்த சில ஆண்டுகளிலேயே விதி அரசியலுக்குள் நுழைந்துவிட்டது. 1871இல் அமெரிக்காவுடன் வாஷிங்டன் உடன்படிக்கை பேசியபோது, மற்றவற்றில் விட்டுக்கொடுத்த லண்டன் அதிகாரிகள் இந்த ஒன்றில் மட்டும் அசையவில்லை என்கிறது, பேச்சில் பங்கேற்ற ஸ்டாஃபோர்டு நார்த்கோட்டின் வாழ்க்கை வரலாறு.

1926இல் ஃபவுலர் தம் ஆங்கில மொழிப் பயன்பாட்டு அகராதியில் ஆங்கிலம் பேசுவோரை இதை வைத்தே ஐந்து வகையாகப் பிரித்தார். இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல், கவலையும் படாமல் இருப்பவர்கள்தான் மகிழ்ச்சியானவர்கள் என்றார். எனக்கும் அவர்களைத்தான் பிடிக்கும். 1947இல் துப்பறியும் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லர், தான் வேண்டுமென்றே பிரித்ததை ஒட்டவைத்த பிழைதிருத்துநரைக் கடுமையாகத் திட்டிக் கடிதம் எழுதினார். 1966இல் 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரின் 'டு போல்ட்லி கோ' வாரந்தோறும் வீடுகளுக்குள் ஒலித்தது. அந்த 'போல்ட்லி'யை வெளியே எடுத்தால் வாக்கியத்தின் மிடுக்கே போய்விடும்.

விதியால் கெடுதலும் உண்டு. நடுவில் நின்றால் 'முழுவதையும் புரிந்துகொள்ளவில்லை' என்று பொருள் தரும் வினையடையை 'டு'வுக்கு முன்னே தள்ளினால், 'புரிந்துகொள்ளவே இல்லை' என்றாகிவிடும். பாதி புரிந்தவரை ஒன்றுமே புரியாதவராக்கும் விதியை இலக்கணம் என்று நான் ஒப்பமாட்டேன். பிரிட்டனின் 'எகானமிஸ்ட்' இதழும் 2018இல் தன் நடைக் கையேட்டிலிருந்து இந்தத் தடையை நீக்கிவிட்டது.

நம் ஊர் லீவ் லெட்டரில் 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்' என்று பிள்ளைகள் இன்றும் எழுதுகிறார்கள். ஆசிரியர்கள் அந்தக் 'கைண்ட்லி'யைச் சிவப்பு மையால் சுழிக்க வேண்டாம். லீவ் கொடுத்தால் போதும்.