முருங்கை: கீரைக்கு எது, காய்க்கு எது?

மலேசியத் தமிழர் வீட்டுக் கொல்லைகளில் முருங்கைக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. ஆனால், கீரை தழைக்கும் அளவுக்குக் காய் பிடிப்பதில்லை என்பது பலரின் குறை. மரத்தின் இயல்பும் இந்நாட்டு மழையுமே இதற்கு முக்கியக் காரணம்.

இமயமலை அடிவாரத்தைத் தாயகமாகக் கொண்ட முருங்கை, வெயிலும் வறட்சியும் தாங்கும் மரம். ஓரளவு வறண்ட காலம் கிடைத்தால்தான் நன்றாகப் பூக்கும். ஆண்டு முழுவதும் மழை பெய்தால் இலையாகவே வளரும். பூத்தாலும் பூக்கள் உதிர்ந்துவிடும். ஆண்டுத் தொடக்கத்தில் வறண்ட வானிலை நிலவும் பெர்லிஸ், வட கெடா பகுதிகள் காய்க்கு ஏற்றவை.

வகைகள்

யாழ்ப்பாண முருங்கை: பல ஆண்டுகள் காய்க்கும். காய் 60 முதல் 90 செண்டிமீட்டர் நீளம். சதை மென்மையானது, சுவை அதிகம். சாவகச்சேரி முருங்கையின் காய் இதைவிட நீளமானது. இவற்றைக் கிளை வெட்டி நடுவார்கள்.

செம்முருங்கை: காய் சிவந்திருக்கும். ஆண்டு முழுவதும் பூக்கும்.

கொடிக்கால் முருங்கை: வெற்றிலைக் கொடி படர நடப்படுவது. காய் குட்டையானது.

பி.கே.எம்.-1: பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான செடிமுருங்கை. விதை ஊன்றிய ஆறு மாதத்தில் காய் பறிக்கலாம். உயரம் குறைவு என்பதால் சிறிய கொல்லைக்கும் பொருந்தும்.

வளர்ப்பு முறை

தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். எனவே, மேடான பாத்தியில், முழு வெயில் படும் இடத்தில் நட வேண்டும். மணல் கலந்த மண் நல்லது. இந்நாட்டு மண் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது என்பதால், நடுமுன் விவசாயச் சுண்ணாம்பு கலப்பது உதவும்.

செடி 75 செண்டிமீட்டர் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் பெருகும். கீரைக்காக வளர்ப்பவர்கள் அடிக்கடி கவாத்து செய்யலாம். காய் வேண்டுவோர், பூக்கும் பருவத்தில் கிளைகளை வெட்டக்கூடாது. தண்ணீரையும் தழை உரத்தையும் குறைக்க வேண்டும்.

தண்டில் கூட்டமாக ஒட்டியிருக்கும் கம்பளிப்பூச்சிகள் தோலில் பட்டால் கடும் அரிப்பு உண்டாகும். கிளைகள் எளிதில் முறியும் என்பதால் மரத்தில் ஏறுவதும் ஆபத்து.

வேரில் கவனம்

வேரின் காரம் மேற்கத்திய உணவில் சேரும் ஹார்ஸ்ரேடிஷ் கிழங்கை ஒத்திருந்ததால், ஆங்கிலேயர் இதை ‘ஹார்ஸ்ரேடிஷ் மரம்’ என்றனர். அக்கிழங்குக்குப் பதிலாக முருங்கை வேரைத் துருவியும் உண்டனர். அப்பழக்கத்தைப் பின்பற்ற வேண்டாம். வேர்ப்பட்டையில் நச்சுப் பொருள்கள் உள்ளன. குறிப்பாக, கர்ப்பிணிகள் வேரையும் பட்டையையும் அறவே தவிர்க்க வேண்டும். கீரை, பூ, காய் ஆகியவையே சமையலுக்கு உரியவை.