சுரங்கமும் வலையும்

விஞ்ஞானத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் ஆராய்ச்சிசாலையின் வாயிலிலிருந்தே கதையைத் தொடங்குவது வழக்கம். ஆனால் அந்த வாயிலுக்கு வந்து சேரும் பொருள் எந்த மண்ணிலிருந்தும் எந்தக் கடலிலிருந்தும் யாருடைய பிரயாசையால் வந்தது என்று விசாரிக்கப் புகுந்தோமானால், தென்னாட்டில் அந்தக் கதையின் முதல் அத்தியாயம் உடலுழைப்பால் ஜீவனம் செய்த எளிய தமிழ் மக்களின் தொழில்களிலேயே எழுதப்பட்டிருக்கக் காண்போம். கோலார் தங்க வயலின் சுரங்கம் அதற்கு ஒரு திருஷ்டாந்தம். மன்னார் வளைகுடாவில் வலையோடு கரையேறும் கூம்பு நத்தை மற்றொன்று.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் தங்க வயலில் காலூன்றிய பின்னர், வட ஆற்காடு முதலிய பிரதேசங்களிலிருந்து குடிபெயர்ந்து வந்த தொழிலாளர்கள், லைன் வீடுகளில் குடும்பம் நடத்திக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகப் பாறையைத் துளைத்தும் மருந்து வைத்துப் பிளந்தும் கீழே இறங்கிய வேகத்தில், சாம்பியன் ரீஃப் சுரங்கம் பதினாயிரம் அடியையும் கடந்து உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. பாறை வெடிப்புக்கு உயிரையும் கல்தூசிக்கு நுரையீரலையும் காணிக்கையாக்கி அவர்கள் தோண்டிய அந்த ஆழமே, பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகளுக்கு வேறெங்கும் எளிதில் கிட்டாத ஓர் அரிய வசதியாக அமைந்தது. ஆகாயத்திலிருந்து ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்களில் மிகப் பெரும்பாலானவற்றை மேலுள்ள பாறை தடுத்துவிடுமாதலால், எதையும் ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் சுவட்டை அங்கே தனித்துக் காணலாம் என்று அவர்கள் கருதினார்கள். அக்கருத்தின்படியே ஜப்பானிய, ஆங்கிலேய சகாக்களோடு சேர்ந்து, தரைக்குக் கீழே ஏறத்தாழ 7,500 அடி ஆழத்தில் கருவிகளை நிறுவி, வளிமண்டல நியூட்ரினோவின் விளைவை 1965-இல் கண்டறிந்து பிரசுரித்தனர். தென்னாப்பிரிக்காவிலும் அதே காலத்தில் இதே காரியம் நிறைவேறியது. அதுவும் ஒரு தங்கச் சுரங்கத்திலேதான்.

அதே டாடா நிறுவனத்தில் நரம்பியல் ஆராய்ந்துவந்த கே. எஸ். கிருஷ்ணன், பிற்காலத்தில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து இரசாயன அறிஞர் பி. பலராமுடன் கூடி, கடலின் பக்கம் திரும்பினார். அவர்கள் நாடிய பொருள் கூம்பு நத்தையின் நஞ்சு.

கடைகளில் அலங்காரப் பொருளாக விற்கும் அழகிய ஓட்டுக்குள் வாழும் இப்பிராணி, மெதுவாக ஊர்வதாயினும் தேர்ந்த வேட்டைக்காரன். இதன் பல், உட்குழல் உள்ளதாய், கூர்நுனியில் முள் அமைந்ததாய், ஈட்டி போன்ற வடிவம் உடையது. துதிக்கையை நீட்டி, அதன் நுனியில் பற்றிய ஒரு பல்லை இரையின் உடலில் பாய்ச்சி, அதன் வழியே நஞ்சைச் செலுத்தியவுடன், இரை மீனாயின் துடிக்கவும் அவகாசமின்றி விறைத்துப்போகிறது. நத்தை தன் வாயை அகல விரித்து அதை முழுசாக உள்ளே வாங்கிக்கொள்கிறது. மனிதரும் இதற்குத் தப்பவில்லை. டச்சுக்காரரின் ஆட்சியில் அம்போன் தீவில் வாழ்ந்த ரம்ஃபியஸ் என்ற இயற்கை நூலார், தாம் காலமான பின் 1705-இல் வெளிவந்த நூலில், பண்டா தீவில் வலை இழுக்கையில் இந்நத்தையைக் கையில் எடுத்த அடிமைப் பெண் ஒருத்தி, கையில் தோன்றிய சிறு தினவு உடலெங்கும் பரவி மாண்ட செய்தியைக் குறித்துவைத்தார். இந்நஞ்சைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய சாட்சியங்களுள் ஒன்று, வலையிழுத்த ஏழைப் பெண் ஒருத்தியின் மரணமே என்பதை நாம் மறத்தலாகாது.

மீனை வேட்டையாடும் நத்தையும் உண்டென்று விஞ்ஞானி ஆலன் கோன் 1956-இல் நிரூபித்தார். எழுபதுகளில் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த பால்டொமேரோ ஒலிவேரா, டி.என்.ஏ. ஆராய்ச்சிக்கு வேண்டிய சாதனங்கள் மணிலாவில் இல்லாமையால், உள்ளூரில் சுலபமாகக் கிடைத்த இந்நத்தைகளை எடுத்துக்கொண்டார். பின்னர் அவர் அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் நடத்திய ஆய்வுக்கூடத்தில், பள்ளிப்படிப்பை அப்போதுதான் முடித்திருந்த மைக்கேல் மெக்கின்டாஷ், கோனஸ் மேகஸ் என்ற நத்தையின் நஞ்சிலிருந்து 25 அமினோ அமிலங்களால் ஆன ஒரு பெப்டைடைப் பிரித்தெடுத்தார். வலியின் செய்தியை முதுகுத்தண்டில் கைமாற்றும் நரம்பு முனைகளின் கால்சியம் வாயில்களை இது அடைத்துவிடுகிறது. இதையே செயற்கையாகத் தயாரித்து, ஜிகோனோடைட் என்ற பெயரால், அபினி வகை மருந்துகளுக்கும் அடங்காத கொடிய வலிக்கு வழங்க 2004-இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. முதுகுத்தண்டு நீரிலேயே நேராகச் சொட்டவேண்டியிருப்பதும், சித்தப்பிரமை முதலிய தொல்லைகள் நேரக்கூடுவதும் இம்மருந்தின் குறைகள். அபினி மருந்துகளைப்போல் நாளடைவில் உடலுக்குப் பழகி வீரியம் குன்றாமை இதன் சிறப்பு.

நம் கரையிலோ, வலையை உதறும்போது மீனோடு வந்து விழும் நத்தைகள் கழிவாகக் குவியும். நல்ல ஓடுகள் மட்டும் பொறுக்கப்பட்டு இராமேசுவரம், கன்னியாகுமரிச் சங்குக் கடைகளைச் சென்றடையும். தென்கிழக்குக் கடற்கரையில் சேகரித்த கோனஸ் அமாடிஸ் என்ற, பிற நத்தைகளைத் தின்னும் இனத்தின் நஞ்சை ஆராய்ந்த கிருஷ்ணன், பலராம் முதலியோர், சென்னைப் பல்கலைக்கழகத்தாரின் ஒத்துழைப்போடு, 26 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புதிய பெப்டைடை 2003-இல் வெளியிட்டனர். நரம்பின் சோடியம் வாயில்கள் திறந்தபின் உரிய நேரத்தில் மூடாமல் தாமதிக்கும்படி செய்வது அதன் குணம். மருந்தாகாவிடினும், நரம்பு எவ்வாறு இயங்குகிறது என்று சோதிப்பதற்கு இத்தகைய நஞ்சுகள் நுட்பமான கருவிகளாகின்றன.

ஆழ்சுரங்கங்கள் கைவிடப்பட்டபோது, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தங்க வயலின் நியூட்ரினோக் கூடமும் முடிவுற்றது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் அடியோடு மூடப்பட்டன. தண்ணீர் இறைப்பார் இன்றி அந்த ஆழம் நீரில் மூழ்கியது. இந்திய அரசு அதே ஆண்டில் கோனஸ் மில்னேஎட்வர்ட்ஸி என்ற அரிய கூம்பு நத்தையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட கூம்பு நத்தை இனங்களில், ஒவ்வொன்றின் நஞ்சிலும் நூற்றுக்கணக்கான பெப்டைடுகள் இருக்க, ஆராயப்பட்டவை சொற்பமே. ஆகவே நத்தை வாழும் பவளப்பாறையையும், அதை அண்டிப் பிழைக்கும் மீனவனையும் ஆராய்ச்சிக்குப் புறம்பாகக் கருதி ஒதுக்குவது, சுரங்கத் தொழிலாளியை மறந்துவிட்டு நியூட்ரினோவை மட்டும் போற்றியதற்கு ஒப்பாகும். ஒரு தொழிலின் நசிவோடு ஒரு விஞ்ஞானமும் நசிக்கும் என்ற பாடத்தைத் தங்க வயல் ஒருமுறை கற்பித்துவிட்டது, கடலும் அதையே கற்பிக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.