ஒரே தட்டில் ஹபஷா: ஓர் எரித்திரிய உணவு மேசையின் வரலாறு

சென்ற நோன்புப் பெருநாளுக்குப் பிந்திய வாரத்தில், லண்டன் மாநகரின் தென்பகுதியில் உள்ள சிறியதோர் எரித்திரிய உணவகத்திற்கு இரண்டு குடும்பங்களாகச் சென்றிருந்தோம். அகன்ற வட்டத் தட்டு ஒன்றில் இஞ்செரா விரிக்கப்பட்டு, அதன்மேல் பருப்பும் கீரையும் கடலைமாவுக் குழம்பும் குவியல் குவியலாக வைக்கப்பட்டு வந்தது. தனித்தனித் தட்டுகளும் இல்லை, கரண்டிகளும் இல்லை. பிள்ளைகள் திகைத்து நின்றபோது, எங்களுடன் வந்திருந்த உம்மம்மா, "இது நம்மட சஹன்தானே, உட்காருங்க" என்று சொல்லி, பிஸ்மில்லாஹ் கூறித் தம் பக்கத்திலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி எடுத்தார்கள்.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் கல்யாண வீடுகளில் சஹனைச் சுற்றி அமர்ந்து உண்டவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் விளங்கும். ஒரே பாத்திரத்தில் கூடியிருந்து உண்பதில் பரக்கத் உண்டு என்பதும், அவரவர் தமக்கு முன்னுள்ள பகுதியிலிருந்தே உண்ண வேண்டும் என்பதும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த ஒழுக்கங்கள். தனித்தனியே உண்பதால்தான் வயிறு நிறையவில்லையோ என்று நபியவர்கள் கேட்டு, சேர்ந்து உண்ணும்படி அறிவுறுத்திய செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அதை அறிவிப்பவர் வஹ்ஷீ இப்னு ஹர்ப் (ரலி). அவர் ஹபஷா நாட்டவர். எங்கள் முன்னால் இருந்த தட்டும் அந்த மண்ணிலிருந்தே வந்திருந்தது.

ஒரு கேள்வியும் அதன் பதிலும்

உணவு வருமுன் நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டோம்: இறைச்சி ஹலாலா? உணவகத்தை நடத்திய அம்மையார் கழுத்தில் சிறு சிலுவை அணிந்திருந்தார். கேள்வி அவர் மனத்தைப் புண்படுத்துமோ என்று தயங்கியே கேட்டோம். அவரோ சிரித்தார். "எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இறைச்சியை முஸ்லிம் கடையில்தான் வாங்குகிறோம். ஆனால் சமையலறை ஒன்றுதான்; மதுவும் இங்கே உண்டு. உங்கள் மனம் அமைதியாக உண்ண வேண்டுமென்றால், எங்கள் நோன்பு உணவைத் தருகிறேன்" என்றார்.

நோன்பு உணவு என்று அவர் குறிப்பிட்டது ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் விரத உணவை. ஆண்டின் பல நாட்களில் அவர்கள் இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை ஆகியவற்றை விலக்கிவிடுகிறார்கள். அதனால் அந்நாட்டுச் சமையலில் பருப்பும் பயறும் கீரையும் உயர்ந்த இடத்தைப் பெற்றுள்ளன. ஷிரோ என்பது மசாலா சேர்த்த கடலைமாவுக் குழம்பு; திம்திமோ என்பது பருப்பு; ஹம்லி என்பது கீரை. இஞ்செராவைத் திக்ரிஞா மொழியில் தைத்தா என்கிறார்கள். தெஃப் என்னும் நுண்ணிய தானியத்தின் மாவையோ சோள மாவையோ சில நாட்கள் புளிக்கவைத்து, மொகோகோ என்னும் மண் அடுப்பில் வட்டமாக வார்க்கிறார்கள். புளித்த தோசைமாவின் மணம் அறிந்த நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

அம்மையார் சொன்ன பதிலுக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. எரித்திரிய மேட்டுநிலத்தில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் நூற்றாண்டுகளாக அண்டை வீட்டாராக வாழ்கின்றனர். ஆனால் ஒருவர் அறுத்த இறைச்சியை மற்றவர் உண்பதில்லை என்பது இரு தரப்பும் காத்துவரும் மரபு. அதற்காக விருந்து நின்றுபோவதில்லை. கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணத்தில் முஸ்லிம் விருந்தினருக்காக ஒரு முஸ்லிம் வந்து அறுத்து, தனியே சமைத்துப் பரிமாறுவார். முஸ்லிம் வீட்டிலும் அவ்வாறே. மார்க்க வரம்பைக் காப்பதும் அண்டை வீட்டாரை அழைப்பதும் அங்கே ஒன்றுக்கொன்று தடையாக நிற்கவில்லை.

வேதம் கொடுக்கப்பட்டோரின் உணவைப் பற்றிய வசனம் அல்மாயிதா அத்தியாயத்தின் 5ஆவது வசனம். அதன் சட்ட விளக்கங்களை உலமாக்களிடம் கேட்டறிய வேண்டும். நாம் இங்கே கவனிக்க விரும்புவது வேறொன்று. உணவுத் தட்டைக் குறிக்கும் பெயருடைய அதே அத்தியாயத்தில்தான், சத்தியத்தைக் கேட்டுக் கண்ணீர் வடித்த கிறிஸ்தவர்களைப் பற்றிய 82, 83ஆம் வசனங்களும் இடம்பெற்றுள்ளன. முஃபஸ்ஸிர்கள் பலர் அவ்வசனங்களை ஹபஷாவின் நஜ்ஜாஷி மன்னரோடும் அவருடைய மக்களோடும் இணைத்தே விளக்கியுள்ளனர்.

கப்பலில் வந்தவர்கள்

நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டு, கி.பி. 615. மக்காவின் கொடுமை தாங்காமல் ஒரு சிறு கூட்டம் ஷுஐபா துறைமுகத்தை அடைந்தது. ஆண்கள் பத்துக்குச் சற்று மேல், பெண்கள் நால்வர். உஸ்மான் (ரலி) அவர்களும் நபியவர்களின் புதல்வி ருகையா (ரலி) அவர்களும் அவர்களுள் இருந்தனர். அரை தீனார் கட்டணத்தில் வணிகக் கப்பல்கள் அவர்களை ஏற்றிச் சென்றன என்று தபரீ எழுதுகிறார். இரண்டாம் முறை சென்றவர்களில் ஆண்கள் மட்டுமே எண்பதுக்கு மேற்பட்டவர்கள்.

செங்கடலின் மறுகரையில் இன்றைய எரித்திரியா உள்ளது. அக்ஸும் பேரரசின் துறைமுகமாக விளங்கிய அதூலிஸ், மசாவா நகருக்குத் தெற்கே இருந்தது. முஹாஜிர்கள் மசாவாவில் கரையிறங்கினர் என்பது அவ்வூர் மக்களின் மரபு. அங்கே ஸஹாபாக்களின் பெயரால் ஒரு பள்ளிவாசல் இன்றும் உள்ளது.

அவர்களைத் திருப்பி அழைத்துவர குறைஷிகள் அம்ர் இப்னுல் ஆஸையும் அப்துல்லாஹ் இப்னு அபீ ரபீஆவையும் பதனிட்ட தோல்களைக் காணிக்கையாகக் கொடுத்து அனுப்பினர். அரசவையில் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) எழுந்து தம் சமூகத்தின் பழைய நிலையை எடுத்துரைத்தார்கள். சிலைகளை வணங்கியதையும், செத்த பிராணிகளை உண்டதையும், உறவைத் துண்டித்து அண்டை வீட்டாரைத் துன்புறுத்தியதையும் அவர்கள் ஒரே மூச்சில் சொன்னார்கள். எதை உண்கிறோம் என்பதும், அருகில் வாழ்பவரை எப்படி நடத்துகிறோம் என்பதும் அந்தச் சபையில் அடுத்தடுத்து ஒலித்தன. பின்னர் மர்யம் அத்தியாயத்தின் வசனங்களை ஓதினார்கள். மன்னர் அழுதார், அடைக்கலம் தேடி வந்தவர்களை ஒப்படைக்க மறுத்தார்.

அந்த அடைக்கலம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. ஜஅஃபர் (ரலி) அவர்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்தனர். கணவரின்றித் தனித்திருந்த உம்மு ஹபீபா (ரலி) அவர்களை நபியவர்களுக்கு மணமுடித்து வைத்தவர் நஜ்ஜாஷியே. நானூறு தீனார் மஹரையும் அவரே அளித்தார். நிகாஹ் முடிந்து எல்லோரும் எழுந்தபோது, திருமணத்தில் உணவளிப்பது நபிமார்களின் வழிமுறை என்று கூறி, அவர்களை அமரச் செய்து விருந்தளித்தார் என்று இப்னு ஸஅத் பதிவு செய்திருக்கிறார். அகதிகளாக வந்தவர்கள் அன்று அரசவையில் விருந்தினராக அமர்ந்தனர்.

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில் அவர்களுள் எஞ்சியோர் மதீனா திரும்பினர். உங்களுக்கு முன்பே நாங்கள் ஹிஜ்ரத் செய்துவிட்டோம் என்று உமர் (ரலி) கூறியது அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களுக்கு வருத்தமளித்தது. அவர்கள் நபியவர்களிடம் முறையிட்டபோது, கப்பலில் வந்தவர்களுக்கு இரண்டு ஹிஜ்ரத்துகள் உண்டு என்ற நற்செய்தி கிடைத்தது.

திசை மாறிய கப்பல்கள்

பின்னாளில் அந்தக் கரை பல ஆட்சியாளர்களைக் கண்டது. 1557இல் உஸ்மானியர் மசாவாவைக் கைப்பற்றினர். 1885இல் இத்தாலியர் வந்தனர். 1890இல் எரித்திரியா என்ற பெயரில் காலனியை நிறுவினர். இன்று எரித்திரிய உணவகங்களில் இஞ்செராவுக்குப் பக்கத்தில் பாஸ்தா விற்கப்படுவது அந்த ஆட்சியின் எச்சம். மசாவாவில் யெமன் முறைப்படி அடுப்பில் சுடும் மீனும், காலையில் உண்ணும் ஃபூலும், ரமழானில் பொரிக்கும் சம்பூசாவும் செங்கடல் கடந்த அரபு உறவைச் சொல்லுகின்றன.

1941இல் கெரென் மலைகளில் நடந்த போரில் இத்தாலியர் தோற்றனர். பிரித்தானியத் தரப்பில் போரிட்ட படைகளுள் இந்தியாவின் நான்காம், ஐந்தாம் டிவிஷன்கள் முன்னணியில் நின்றன. அதே கெரெனில் 1946 டிசம்பரில் முஸ்லிம் லீக் தோன்றியது. இப்ராஹீம் சுல்தான் அலீ போன்றோர் நாட்டின் விடுதலையைக் கோரினர். ஐ.நா. தீர்மானத்தின்படி 1952இல் எரித்திரியா எதியோப்பியாவுடன் கூட்டாட்சியாக இணைக்கப்பட்டது. திக்ரிஞாவும் அரபும் அதன் ஆட்சிமொழிகளாக இருந்தன. பத்தே ஆண்டில் கூட்டாட்சி கலைக்கப்பட்டு, நாடு எதியோப்பியாவின் மாகாணமானது. 1961இல் தொடங்கிய ஆயுதப் போராட்டம் முப்பதாண்டுகள் நீடித்தது. 1991இல் அஸ்மாரா விடுபட்டது. 1993இல் பொதுவாக்கெடுப்பின் வழியே தனிநாடு பிறந்தது.

விடுதலைக்குப் பின்னும் மக்களின் பயணம் நிற்கவில்லை. 1998 முதல் 2000 வரை மீண்டும் எல்லைப் போர். பதினெட்டு மாதம் என்று சட்டம் வகுத்த தேசிய சேவை, முடிவின்றி நீண்டது. இளைஞர்கள் சூடானுக்கும் லிபியாவுக்கும் நடந்து, மத்தியதரைக் கடலில் படகேறினர். 2013 அக்டோபர் 3 அன்று லம்பதூசா தீவருகே ஒரு படகு கவிழ்ந்து 360க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் எரித்திரியர்கள். நம் முன்னோடிகளை ஏற்றுக்கொண்ட கரையின் பிள்ளைகள், இன்று பிறரின் கரையில் இடம் தேடி நிற்கின்றனர்.

மூன்றாம் குவளை

உணவுக்குப் பின் அம்மையார் பச்சைக் காப்பிக் கொட்டையை எங்கள் முன்னாலேயே வறுத்து, சாம்பிராணிப் புகையிட்டு, ஜெபெனா என்னும் மண் கூஜாவில் காய்ச்சினார். அதில் இஞ்சியும் சேர்ந்திருந்தது. உம்மம்மா அதைச் சுக்குக் காப்பி என்றே குடித்தார்கள். மூன்று சுற்று அருந்துவது மரபு. முதல் சுற்று அவெல், இரண்டாவது கலாய், மூன்றாவது பெரெக்கா. பெரெக்கா என்பது பரக்கத்தேதான். அது வருமுன் எழுந்து செல்வது முறையன்று.

அந்த மூன்று சுற்றுக்கு இடையில்தான் பேச்சு விரிந்தது. இரவோடிரவாக எல்லை கடந்து கஸலாவை அடைந்தபோது, தமக்கு முதல் உணவளித்தது ஒரு சூடானிய முஸ்லிம் வீடு என்றார் அம்மையார். பெயரைக்கூடக் கேட்காமல் தட்டைத் தம் பக்கம் நகர்த்தினார்களாம். உம்மம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு 1990 அக்டோபர் 30ஐப் பற்றிச் சொன்னார்கள். யாழ்ப்பாணம் சோனகத் தெருவை விட்டு வெளியேற விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரம் கொடுத்த நாள் அது. புத்தளத்தை அடைந்தபோது, முன்பின் அறியாத ஒருவர் வீட்டில் சஹன் வைத்தார்களாம். "பசியில ருசி தெரியல்ல. ஆனா அந்தச் சஹன் இப்பவும் கண்ணில நிக்குது" என்றார்கள்.

எங்களுக்கு அப்போது வேறொன்று நினைவுக்கு வந்தது. படகில் வருவோரைப் பற்றி ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வாசலில் நின்று பேசும்போது, இவர்கள் வந்து நிறைகிறார்கள் என்று அலுத்துக்கொண்டவர்களில் நாங்களும் இருந்திருக்கிறோம். ஹபஷா ஹிஜ்ரத்தைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லும் நாம், அக்கதையில் நம்மை எப்போதும் அடைக்கலம் பெற்றவர்களின் பக்கமே நிறுத்திப் பார்க்கிறோம். நஜ்ஜாஷியின் இடத்தில் நின்று பார்ப்பதில்லை. அவர் நம்மைப் போல வீடும் நாடும் உள்ளவர். காணிக்கையை வாங்கிக்கொண்டு எளிதாகக் கதவை மூடியிருக்கலாம். அவர் மரணித்தபோது நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் ஸஹாபாக்களை அணிவகுக்கச் செய்து அவருக்காகத் தொழுவித்தார்கள்.

ஹலால் என்ன என்று கேட்கும் கேள்வியை நாம் ஒருபோதும் கைவிடப் போவதில்லை. அம்மையாரும் அதை நம்மிடம் எதிர்பார்க்கவில்லை. அதனோடு சேர்த்து, நம் தட்டில் யாருக்கு இடம் வைத்திருக்கிறோம் என்ற கேள்வியையும் கேட்டுப் பழக வேண்டும். அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு வரும்படி அவரை அழைத்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி, அன்று தமக்கு விரத நாளாக இருந்தால் என்ன செய்வது என்பதே. உம்மம்மா உடனே சொன்னார்கள்: "பருப்பும் கீரையும் ஆக்குவம். சஹன் ஒண்டுதான்."

அதற்குள் மூன்றாம் குவளை வந்திருந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி அருந்தினோம்.