ஏடு விற்றார், எண்ணமும் விற்றார்!

1846-இல் டிக்கன்ஸை ஆசிரியராகக் கொண்டு இலண்டனில் எழுந்த 'டெய்லி நியூஸ்', 1930-இல் வேறோர் ஏட்டுடன் இணைந்து 'நியூஸ் கிரானிக்கிள்' ஆயிற்று. தாராளக் கொள்கையின் தூண் என்று அதனைத் தாங்கினர் வாசகர்.

ஸ்பெயின் குடியரசுக்காக வாதாடிய அதே ஏடு, இட்லரின் வாக்குறுதியை 100-க்கு 86 பேர் நம்பவில்லை என்ற கருத்துக் கணிப்பை 1938-இல் மறைத்தது! ஆளவந்தாருக்கு அஞ்சிய அன்றே சரிவு தொடங்கிற்று என்போம் நாம்.

1960 அக்டோபர் 17-இல் கடைசி இதழ் வந்தது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வாசகரைக் கேளாமலே, 1934-இல் மோஸ்லியின் பாசிசப் படையை வாழ்த்திய 'டெய்லி மெயி'லிடம் ஒப்படைத்தனர் உரிமையாளர். மறுநாள் வாயிலில் கிடந்தது மாற்றான் தாள்! சினந்தனர் வாசகர், பயனென்ன?

தோழர்களே! பெயர்ப்பலகையை நம்பற்க. ஏடு எதை எழுதுகிறது என்பதோடு, எதை எழுதாமல் விடுகிறது என்பதையும் நாள்தோறும் நோக்குவோம், கேட்போம்!