மணலும் அருகம்புல்லும்

பந்து, குழியைச் சுற்றியுள்ள கிரீனில் வந்து நின்றதும், ஆட்டக்காரரின் பையைச் சுமக்கும் ‘கேடி’ச் சிறுவன் முன்னே போவான். கையில் ஒரு கம்பளத் துண்டு. பந்துக்கும் குழிக்கும் நடுவே அதை ஒரு முறை இழுத்து, முன்பு ஆடியவர்களின் காலடித் தடங்களை அழிப்பான். அதற்குப் பிறகுதான் ஆட்டக்காரர் மட்டையைப் பிடிப்பார். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள பைன்ஹர்ஸ்டில் 1930களின் நடுப்பகுதி வரை கோல்ஃப் இப்படித்தான் நடந்தது. ‘கிரீன்’ என்பது பேருக்குத்தான்; பச்சை மருந்துக்கும் கிடையாது. களிமண்ணோடு சேர்த்து இறுக்கிச் சமன்செய்த மணல், அவ்வளவுதான்.

இன்று அதே ஊரின் 2ஆம் எண் மைதானம் உலகின் தலைசிறந்த மைதானங்கள் வரிசையில் நிற்கிறது. விடுமுறைக்குத் தெற்கே போகும் கோல்ஃப் பிரியர்கள் நல்ல மைதானம் தேடும்போது தரவரிசையைப் பார்ப்பார்கள், வடிவமைத்தவர் பெயரைப் பார்ப்பார்கள். அந்த ஊரில் ஓட்டல் அறைகளை நிரப்பியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி யாருக்கு, எப்போது வந்தது என்று விசாரித்தால் இன்னும் கொஞ்சம் விஷயம் புரியும். அமெரிக்கத் தெற்கின் கோல்ஃப் வரலாற்றில் முக்கால்வாசி அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

பைன்ஹர்ஸ்டுக்கு அந்த நெருக்கடியைக் கொண்டு வந்தவர் சோடா வியாபாரி. பாஸ்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் வாக்கர் டஃப்ட்ஸ், மருந்துக் கடைகளில் பளிங்கு மேடையோடு சோடா ஊற்றித் தரும் இயந்திரங்களைச் செய்து விற்றுப் பெரும் பணக்காரர் ஆனவர். 1895இல் அவர் வட கரோலினாவின் மணல்மேட்டுப் பகுதியில் 5,000 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை வாங்கினார். விலை ஏக்கருக்குச் சுமார் 1 டாலர். மலிவுக்குக் காரணம் உண்டு. அந்தக் காடுகளில் இருந்த நீள ஊசியிலைப் பைன் மரங்களைக் கீறிப் பல தலைமுறைகளாக டர்பன்டைனுக்குப் பிசின் வடித்தார்கள். பிசின் வற்றியதும் மரத்தையும் வெட்டி விற்றார்கள். மிஞ்சியது அடிக்கட்டைகளும் எதுவும் சரியாக விளையாத வெண்மணலும்தான். டஃப்ட்ஸ் அங்கே ஊர் அமைக்க, நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கைத் திட்டமிட்ட பிரெடரிக் லா ஓம்ஸ்டெட்டின் நிறுவனத்தை அமர்த்தினார். வளைந்து செல்லும் தெருக்கள் வந்தன, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட செடிகள் நடப்பட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹாலி இன் என்ற ஓட்டலும் திறந்துவிட்டது.

அவர் மனதில் கோல்ஃப் இல்லை. பைன் மரக் காற்று நுரையீரலுக்கு நல்லது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். வடக்கின் குளிரில் வாடும் காசநோய்க்காரர்கள், அதிலும் நடுத்தர வருமானக்காரர்கள், வந்து உடல் தேற வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882லேயே கண்டறிந்திருந்தார். ஆனால் இது ஒட்டுநோய் என்ற செய்தி பொதுமக்கள் மனதில் ஏறச் சில ஆண்டுகள் பிடித்தன. ஏறியதும் டஃப்ட்ஸ் ஒரேயடியாகத் திரும்பினார். காசநோயாளிகளுக்கு இங்கே இடமில்லை என்று அவருடைய விளம்பரங்களே சொல்லத் தொடங்கின. யாருக்காகக் கட்டினாரோ அவர்களையே வாசலில் நிறுத்திவிட்டார். ஓட்டல்கள் இருக்கின்றன, சதர்ன் பைன்ஸ் ரயில் நிலையத்திலிருந்து விருந்தினரை ஏற்றிவர டிராம் இருக்கிறது. வந்தவர்கள் நாள் முழுக்க என்ன செய்வார்கள்?

இதற்கு விடை மாட்டுப் பண்ணையிலிருந்து வந்ததாக ஊரில் சொல்வார்கள். 1897 வாக்கில் விருந்தினர் சிலர் மேய்ச்சல் நிலத்தில் வெள்ளைப் பந்துகளை அடித்துப் பசுக்களை மிரட்டுகிறார்கள் என்று டஃப்ட்ஸிடம் புகார் போயிற்றாம். கதை எவ்வளவு நிஜமோ, அடுத்த ஆண்டே 9 குழிகள் கொண்ட மைதானம் தயாரானது நிஜம்.

1900இல் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் வேலைக்கு வந்தார். பெயர் டொனால்ட் ராஸ். வடகோடிக் கடற்கரை ஊரான டோர்னாக்கில் பிறந்தவர். செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓல்ட் டாம் மோரிஸிடம் கோல்ஃப் தொழில் பழகியவர். பைன்ஹர்ஸ்டின் மணலைப் பார்த்ததும் அவருக்குச் சொந்த ஊர் நினைவு வந்திருக்கும். ஸ்காட்லாந்தில் கோல்ஃப் பிறந்ததே கடலோர மணல் திட்டுகளில்தான். மழை பெய்த வேகத்தில் வடிந்துவிடும்; தரை இறுகி நிற்கும்; பந்து விழுந்து உருண்டோடும். விவசாயி கைவிட்ட நிலம் கோல்ஃபுக்கு ராசியான நிலம் ஆயிற்று.

ராஸின் 2ஆம் எண் மைதானம் 1907இல் 18 குழிகளோடு முழுமை பெற்றது. அதன் மூன்றாம் குழிக்கு அருகில் வீடு கட்டிக்கொண்டு, 1948இல் இறக்கும் வரை அதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். வேறு இடங்களில் ஏறத்தாழ 400 மைதானங்கள் அவர் பெயரைச் சொல்கின்றன; கை ஓயாமல் பட்டது இந்த ஒன்றில்தான். இதன் கிரீன்கள் இட்லி முதுகு போல நடுவில் உயர்ந்து நாலாபுறமும் சரிபவை. பந்தை அருமையாக அடித்து மேலே ஏற்றிவிட்டோம் என்று ஆட்டக்காரர் மூச்சு விடும்போது அது மெல்ல நகர்ந்து, விளிம்பு தாண்டி, கீழே பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவு உயரமும் ராஸ் வைத்ததல்ல, ஆண்டுக்கணக்கில் மேலே தூவிய மணலும் சேர்ந்துதான் அந்த முதுகு என்று வாதிடுவோர் உண்டு. பந்து உருண்டுபோனவருக்கு இந்த ஆராய்ச்சி ஆறுதல் தராது.

மணல் போய்ப் புல் வந்த கதை தமிழ் வாசகருக்குக் கொஞ்சம் நெருக்கமானது. தெற்கின் வெயிலைத் தாங்கும் புல் தேடியவர்களுக்குக் கைகொடுத்தது பெர்முடா புல். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். நாம் பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகம்புல்தான். தாவரவியலில் இரண்டுக்கும் ஒரே பெயர், சைனோடான் டாக்டிலான். வெட்ட வெட்டத் தழைக்கும், மிதித்தால் சாகாது. ஆனால் குளிர் வந்தால் பழுத்து உறங்கிவிடும். விருந்தினர் வருவதோ குளிர்காலத்தில். அதனால்தான் தெற்கின் பல மைதானங்களில் இலையுதிர் காலத்தில் ரை புல் விதையைத் தூவி, தூங்கும் அருகுக்கு மேலே இரவல் பச்சை ஒன்றை விரிக்கிறார்கள். ஜார்ஜியாவின் டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்தில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி, இதே அருகம்புல்லை ஆப்பிரிக்க இனம் ஒன்றோடு கலந்து, கிரீன்களுக்கென்றே ‘டிஃப்கிரீன்’ என்ற மெல்லிய ரகத்தை 1956இல் வெளியிட்டார். அவர் உருவாக்கிய இன்னொரு பயிர் வகைதான், 1965இல் இந்தியாவில் வெளியான முதல் வீரிய ஒட்டுக் கம்புக்குத் தாய். கம்பங்கூழுக்கும் கோல்ஃபுக்கும் இப்படியொரு உறவு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்!

இந்த விடுமுறைச் சொர்க்கத்தில் பையைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். பைன்ஹர்ஸ்டை ஒட்டிய டெய்லர்டவுனில் அவர்கள் குடியிருந்தார்கள். வில்லி மெக்ரே 1943இல் 10 வயதில் கேடியாகச் சேர்ந்து, 2018இல் இறக்கும் வரை எழுபது ஆண்டுகளுக்கும் மேல் அந்த மைதானத்தில் நடந்தார். சுமக்கத் தடையில்லை, ஆடுவது வேறு சங்கதி. அதே மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரில், மக்கள் வரிப்பணத்தில் உருவான கில்லெஸ்பி பார்க் மைதானத்துக்கு 1955 டிசம்பர் 7 அன்று கறுப்பர்கள் ஆறு பேர் போனார்கள். முன்னால் நின்றவர் பல் மருத்துவர் ஜார்ஜ் சிம்கின்ஸ். ஆளுக்கு 75 சென்ட் கட்டணத்தை மேசையில் வைத்துவிட்டு ஆடப் போனார்கள். அத்துமீறல் என்று கைது. கூட்டாட்சி நீதிமன்றம் பாகுபாடு கூடாது என்றதும் நகராட்சி என்ன செய்தது? யாருமே ஆடக் கூடாதென்று மைதானத்தையே மூடிவிட்டது. 1962இல்தான் மறுபடி திறந்தார்கள், அதுவும் 9 குழிகளை மட்டும். தொழில்முறை கோல்ஃப் சங்கமான பிஜிஏ, வெள்ளையருக்கு மட்டுமே உறுப்பினர் இடம் என்ற விதியை 1961 வரை வைத்திருந்தது. பழைய தெற்கின் அழகைப் பேசும் பயணக் குறிப்புகள் இந்தப் பக்கத்தை அநேகமாகப் புரட்டிவிட்டுப் போய்விடும்.

ஓட்டல் அறையின் நிர்ப்பந்தம் மற்ற ஊர்களிலும் வேலை செய்தது. தென் கரோலினாவின் மிர்ட்டில் பீச்சில் முதல் மைதானம் 1927இல் வந்தது. பிஜிஏவின் முதல் தலைவர் ராபர்ட் வைட் வடிவமைத்தது. ஊரார் அதை இன்றும் ‘தாத்தா’ என்கிறார்கள். கடற்கரைக் கூட்டம் கோடையோடு கலைந்துவிட, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அறைகள் காலியாகக் கிடந்தன. தங்கும் வாடகையையும் ஆட்டக் கட்டணத்தையும் ஒன்றாகக் கட்டி விற்கும் ‘பேக்கேஜ்’ 1960களில் அங்கே சூடுபிடித்தது. ஒரு கட்டத்தில் சுற்றுவட்டாரத்தில் மைதானங்கள் நூறைத் தாண்டின. 2000க்குப் பிறகு அவற்றில் பல வீட்டுமனைகளாயின. அலபாமாவின் கதை இன்னும் விசித்திரம். அங்கே ஆசிரியர்கள், அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியே மைதானம் கட்டியது. நிதியின் தலைவர் டேவிட் பிரானர், மைதான வடிவமைப்பாளர் ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸின் பெயரில் 1992இல் தொடங்கிய வரிசை இப்போது 11 இடங்களில் 468 குழிகள். புளோரிடாவுக்குக் காரில் விரைகிறவர்களை வழியில் இரண்டு நாள் நிறுத்திவைக்கப் போட்ட திட்டம் அது.

பைன்ஹர்ஸ்ட் இடையில் வழிதவறியது. 1970களுக்குப் பிறகு 2ஆம் எண் மைதானத்தை விளிம்புவரை பச்சைக் கம்பளமாக்கி, எல்லா இடத்துக்கும் தண்ணீர் தெளித்தார்கள். 1999 யு.எஸ். ஓப்பன் போட்டியின் கடைசிக் குழியில் பெய்ன் ஸ்டூவர்ட் 15 அடி தூரப் பந்தை உருட்டி வென்றபோது சுற்றிலும் அடர்ந்த புல்தான். 2010இல் மைதான வடிவமைப்பாளர்கள் பில் கூரும் பென் கிரென்ஷாவும் வந்து, 1943இல் விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு சுமார் 35 ஏக்கர் புல்லைப் பெயர்த்து எடுத்தார்கள். தண்ணீர்த் தெளிப்பான்களில் பாதிக்கும் மேல் போயிற்று. புல்லுக்கு அடியில் ராஸின் மணல் அப்படியே இருந்தது. 2014இல் ஆண்கள், பெண்கள் யு.எஸ். ஓப்பன் போட்டிகள் இரண்டும் அடுத்தடுத்த வாரங்களில் அந்த மணலில் நடந்தன.

2ஆம் எண் மைதானத்தில் ஆட முன்கூட்டியே நேரம் குறிக்க விரும்பினால், பொதுவாக அங்கேயே அறை எடுத்துத் தங்கியாக வேண்டும். டஃப்ட்ஸ் 1901 புத்தாண்டு அன்று திறந்த கரோலினா ஓட்டலும் அப்படித் தங்கக்கூடிய இடங்களில் ஒன்று.