எடை குறைக்கும் மருந்தும் ஊர் வாயும்

ஓசெம்பிக் ஊசி போட்டு இளைத்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு விமர்சனம் காதில் விழும். ஒன்று, "அதெல்லாம் விஷம்ப்பா, பின்னாடி தெரியும்." இன்னொன்று, "வாயைக் கட்ட முடியாம ஊசி போட்டுக்கிறது ஒரு பெருமையா?" பல சமயம் ஒரே ஆள்தான் இரண்டையும் சொல்வார். ஆனால் இரண்டுக்கும் வேர் வேறு. அமெரிக்க மருந்து வரலாற்றைக் கொஞ்ச நாளாகப் படித்ததில் எனக்குப் பட்டது இது.

முதலில் சொன்ன பயத்தில் நியாயம் இருக்கிறது. முதல் உலகப்போர் சமயத்தில், பிரான்ஸின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனாலைக் கையாண்ட தொழிலாளர்கள் வியர்த்துக் கொட்டி இளைத்தார்கள். சிலர் செத்தும் போனார்கள். 1933-ல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த மாரிஸ் டெய்ன்டரும் வின்ட்சர் கட்டிங்கும் அதே ரசாயனத்தை எடை குறைக்கும் மருந்தாக முன்வைத்தார்கள். சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுக்கும் சக்தியை அது வெறும் சூடாக்கிவிடும். சூடு எல்லை மீறினால் காய்ச்சல் ஏறி ஆளே போய்விடுவார். அடுத்த வருஷமே லட்சம் பேராவது சாப்பிட்டிருப்பார்கள் என்று டெய்ன்டர் கணக்குச் சொன்னார். பலருக்குக் கண்புரை வந்தது. 1938-ல் புதிய மருந்துச் சட்டம் வந்த பிறகுதான் அரசாங்கத்தால் அதைத் தடுக்க முடிந்தது.

அடுத்து வந்தது ஆம்ஃபெட்டமைன். அதோடு தைராய்டு ஹார்மோன், இதய மருந்து, தூக்க மருந்து எல்லாம் சேர்த்துக் கலர் கலராக "வானவில் மாத்திரை" விற்றார்கள். பலர் செத்த பிறகு, 1968-ல் அமெரிக்க செனட் விசாரித்தது. பிறகு ஃபென்-ஃபென் வந்தது. 1996-ல் மட்டும் 1.8 கோடிக்கும் மேலான மருந்துச் சீட்டுகள். மறு வருஷமே இதய வால்வு கெடுகிறது என்று தெரிந்து, அதிலிருந்த ஃபென்ஃப்ளூரமைனைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்று தடவை சூடு பட்ட சமூகம் நான்காவதைச் சந்தேகப்படாமல் என்ன செய்யும்?

இரண்டாவது விமர்சனம் வேறு ரகம். அதற்கும் பக்க விளைவுக்கும் சம்பந்தமே இல்லை. 6-ம் நூற்றாண்டில் போப் முதலாம் கிரிகோரி பெரும்பாவங்களைப் பட்டியல் போட்டபோது பெருந்தீனியையும் சேர்த்தார். குண்டான உடம்பைக் குணக்கேடாகப் பார்க்கும் வழக்கம் அத்தனை பழசு. மருந்து தீங்கே செய்யாவிட்டாலும் இந்தக் குற்றச்சாட்டு அப்படியேதான் இருக்கும்.

இதற்கு செமாக்ளூடைடே சாட்சி. 2017-ல் அமெரிக்காவில் ஓசெம்பிக் என்ற பெயரில் சர்க்கரை நோய்க்கு அனுமதி கிடைத்தபோது யாரும் ஏளனம் செய்யவில்லை. 2021-ல் அதே மருந்து வெகோவி என்ற பெயரில் எடைக்கு வந்ததும் "குறுக்கு வழி" ஆகிவிட்டது. சுகருக்குப் போட்டால் வைத்தியம், எடைக்குப் போட்டால் சோம்பேறித்தனம்! 2023-ல் வெளியான ஆய்வில், இதய நோயும் அதிக எடையும் உள்ள, சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேர் இருந்தார்கள். ஊசி போட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன.

குமட்டல், வாந்தி உண்டு. நிறுத்தினால் இளைத்த எடையில் பெரும்பகுதி திரும்பி வரும். இதையெல்லாம் டாக்டரிடம் கேட்கத்தான் வேண்டும். 1933-ல் கேட்டிருந்தால் பல பேர் கண் தப்பியிருக்கும். ஆனால் கேவலப்படுத்தினால் மனுஷன் ஒளித்துப் போடுவான். ஒளித்துப் போடுகிறவன் டாக்டரிடம் எதைக் கேட்பான்?